வேனில் ஏறிய சிலிண்டர்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காகச் செய்தி மடலில் வெளியிடப்படுகிறது.)



தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, பார்க்கிங் என்று பெரிய பட்டியல் காத்திருக்கிறது. ஆனாலும் இந்த ஆண்டு சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கும் முன்பு இதைப் பேசியே ஆக வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

நான் என்ஜினீயர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான். போன ஆண்டு கும்பகோணம் பக்கம் நவக்கிரகக் கோயில்களுக்குப் போனோமே, அந்த வேனில் ஏறிய சிலிண்டர் என் வீட்டுச் சிலிண்டர்.

கூட வந்தவர்களுக்கு அன்று நடந்தது தெரியும். மற்றவர்களுக்கு "வழியில் கேஸ் கொஞ்சம் லீக் ஆச்சாம்" என்ற அளவில்தான் செய்தி வந்தது. அதை முழுதாகச் சொல்கிறேன்.

மொத்தம் 19 பேர். வேன் பழையது, வாடகை குறைவு. கணக்குப் பொறுப்பு என்னிடம். வழியில் ஓட்டலில் சாப்பிட்டால் ஆகும் செலவையும், சமையல்காரர் ஒருவரைக் கூட்டிப் போனால் ஆகும் செலவையும் எழுதிப் பார்த்தேன். சமையல்காரர் வந்தால் 4,000 ரூபாய் மிச்சம். தலைக்கு 210 ரூபாய். வயதானவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி காரம் குறைவாகவும் கிடைக்கும். என் வீட்டில் இரண்டாவது சிலிண்டர் சும்மா இருந்தது. "எடுத்துக்கோங்க" என்று கொடுத்துவிட்டேன். எல்லாரும் பாராட்டினீர்கள்.

காலை ஐந்து மணிக்கு வண்டலூரில் கிளம்பினோம். செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் தாண்டி அச்சிறுபாக்கம் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி டிபன். முடிந்ததும் அவசர அவசரமாகச் சாமான்களை ஏற்றினோம். வண்டி வளைவில் திரும்பும்போது உருளக் கூடாது என்று சிலிண்டரைக் கடைசி சீட்டுக்குக் கீழே படுக்க வைத்தார்கள். ரெகுலேட்டரும் ட்யூபும் மாட்டியபடியே. மத்தியானம் மறுபடி மாட்டும் வேலை மிச்சம் அல்லவா!

அந்தக் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு மூக்கு சரியாக வேலை செய்வதில்லை. இரண்டு சீட் முன்னால் இருந்த எட்டு வயதுக் குழந்தைதான், "பாட்டி, அழுகின முட்டைகோஸ் நாத்தம் வருது" என்றாள். "பக்கத்துல சாக்கடை இருக்கும்மா, வண்டி கிளம்பினா சரியாயிடும்" என்று யாரோ சொன்னார்கள். குழந்தை விடவில்லை. பாட்டி குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "கேஸ்!" என்றார்.

அந்த நேரத்தில் டிரைவர் சாவியோடு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், சாலையோரப் பிள்ளையாருக்குக் காட்டிய கற்பூரத்தை அணையாமல் தட்டோடு வண்டிக்குக் காட்ட நம் சங்கத்து அக்கா ஒருவர் வந்துகொண்டிருந்தார். நடுவில் பத்தடிதான் இருக்கும்.

நான் போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றார். மணலில் தட்டைக் கவிழ்த்தார். வண்டியில் இருந்த எல்லாரும் இறங்கினோம். முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு பேரை இறக்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. சமையல்காரர் பின்கதவைத் திறந்து சிலிண்டரை இழுத்து வெளியே போட்டு நிமிர்த்தினார். ரெகுலேட்டர் குமிழைத் திருப்பியதும் 'உஸ்' சத்தம் நின்றது. அவர் அடுப்பின் குமிழை மூடியிருந்தார். ரெகுலேட்டரை மூடவே இல்லை.

ரெகுலேட்டரைக் கழற்றி வெள்ளை மூடியை மாட்டி, ஒரு குட்டியானை வண்டி பிடித்து, சமையல்காரரையும் சிலிண்டரையும் திருப்பி அனுப்பினோம். வேனின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்து ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். மீதிப் பயணம் முழுக்க மெஸ் சாப்பாடு. யாருக்கும் வயிறு கெடவில்லை.

மறுநாள் மெக்கானிக் பார்த்துச் சொன்னது இது. ட்யூப், கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ரப்பர் ட்யூப். ரெகுலேட்டர் முனையில் மாட்டும் இடத்தில் வெடிப்பு விட்டிருந்தது. திறந்த ரெகுலேட்டர் ஒன்று, வெடித்த ட்யூப் இரண்டு, படுக்க வைத்த சிலிண்டர் மூன்று. மூன்றாவதுதான் மோசமானது என்றார். ஏன் என்று விசாரித்துப் படித்தேன். அதைச் சொல்கிறேன்.

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி நிரப்பியிருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும்போது திரவம் கீழே, ஆவி மேலே. வால்வு மேலே இருப்பதால் ஆவி மட்டும் வெளியே வரும். படுக்க வைத்தால் திரவமே வால்வு வாய்க்கு வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். அதே சின்ன வெடிப்புதான், ஆனால் வெளியே வரும் சரக்கு பல மடங்கு.

வங்கிக்காரன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றில் சுமார் 2 சதவீதம் எல்.பி.ஜி. கலந்தாலே தீப்பொறி பட்டால் பிடிக்கும். ஒரு வேனின் உள்பக்கம் சுமார் 15 கன மீட்டர், அதாவது 15,000 லிட்டர். அதில் 2 சதவீதம் 300 லிட்டர் வாயு. திரவமாகச் சொன்னால் ஒன்றேகால் லிட்டருக்கும் குறைவு, எடையில் முக்கால் கிலோவுக்கும் குறைவு. 14.2 கிலோ சிலிண்டரில் முக்கால் கிலோ கசிந்தால் வண்டி முழுவதும் வெடிமருந்து மாதிரி. நம் சமையலறையின் அளவும் ஏறத்தாழ அவ்வளவுதான். இது வாயு சமமாகப் பரவினால். உண்மையில் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படிந்து, சீட்டுக்கடியிலும் மூலையிலும் தேங்கும். அதனால் தரை மட்டத்தில் அந்த 2 சதவீதம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

நாங்கள் தப்பித்தோம். தப்பிக்காதவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே. 2023 ஆகஸ்ட் 26. லக்னோவிலிருந்து கிளம்பிய ஒரு சுற்றுலா ரயில் பெட்டி, நாகர்கோவிலில் புனலூர்–மதுரை எக்ஸ்பிரஸில் இணைக்கப்பட்டு, விடியற்காலையில் மதுரை வந்து சேர்ந்தது. பெட்டியைக் கழற்றித் தனியாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே கோயில் கோயிலாகப் போய்வந்த உத்தரப் பிரதேசத்து யாத்ரீகர்கள். விதியை மீறி ஏற்றிக் கொண்டு வந்த கேஸ் சிலிண்டரில் டீ, காபி போட அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார்கள். ஐந்தேகால் மணி வாக்கில் தீ. 9 பேர் இறந்தார்கள்.

அந்தச் செய்தியை நானும் பேப்பரில் படித்தேன். "என்ன அநியாயம், ரயிலில் சிலிண்டரா?" என்று என் மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் என் சிலிண்டரை வேனில் ஏற்றினேன். ரயில் என்றால் தப்பு, வேன் என்றால் பரவாயில்லை என்று எந்தக் கணக்கில் நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர்களும் நம்மைப் போலத்தான். கோயிலுக்குப் போனவர்கள், வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்று நினைத்தவர்கள், காலையில் ஒரு வாய் சூடாகக் குடிக்க ஆசைப்பட்டவர்கள்.

வெளிநாடுகளில் வேனிலேயே அடுப்பும் படுக்கையும் வைத்துக்கொண்டு குடும்பமாகப் பயணம் போகிறார்களே, அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தேன். முறையாகக் கட்டிய வண்டியில் சிலிண்டருக்கென்று தனிப் பெட்டி உண்டு. ஆள் இருக்கும் பகுதிக்கும் அதற்கும் நடுவில் காற்றுப் போகாத தடுப்பு. அந்தப் பெட்டியின் அடியில் ஓட்டை இருக்கும், கசிந்தால் வாயு கீழே சாலைக்குப் போய்விடும். வண்டிக்குள் தரையை ஒட்டிக் கசிவு காட்டும் அலாரம். சிலிண்டர் நிமிர்ந்த நிலையில் பட்டை போட்டுக் கட்டியிருக்கும். இத்தனையும் செய்த வண்டியிலேயே பழசானால் ட்யூபும் இணைப்பும் கசியத்தான் செய்கின்றன. நாமோ சீட்டுக்கடியில் உருட்டிவிட்டோம்.

இப்போது வாசனை விஷயம். எல்.பி.ஜி.க்குச் சொந்தமாக வாசனை கிடையாது. நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு துக்கக் கதை இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு அடியில் வாசனையில்லாத எரிவாயு தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் வேனில் அந்தக் குழந்தை மூக்கைப் பொத்தியது, அந்தக் குழந்தைகள் நமக்கு விட்டுப்போன எச்சரிக்கை என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் மூக்கை மட்டும் நம்பக் கூடாது. வயதாக ஆக மோப்பம் குறையும். சளி பிடித்தால் தெரியாது. அதே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும். நம் பிளாக்கில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் வீட்டில் ஒரு கேஸ் அலாரம் மாட்டுவது நல்லது. எல்.பி.ஜி. கீழே இறங்குவதால் அதைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, அதற்கு அலாரம் கூரைப் பக்கம். நாளைக்கு நம் பக்கமும் குழாய் இணைப்பு வந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

சரி, நம் ஃபிளாட்டில் வாசனை வந்தால் என்ன செய்வது?

முதலில் எரிவதையெல்லாம் அணையுங்கள். அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள். அடுத்தது ரெகுலேட்டரை மூடுங்கள். ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாவற்றையும் திறங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எரிகிற லைட் எரியட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் வாசனை போய்விடும் என்று நினைப்போம், அந்த சுவிட்சின் பொறிதான் ஆபத்து. ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிற்கும்போதும் பொறி வரலாம். அதனால் வீட்டுக்கு வெளியே, கீழே மீட்டர் போர்டில் உங்கள் வீட்டு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருக்கும் மெயின் சுவிட்சில் கை வைக்க வேண்டாம்.

எல்லாரும் வெளியே வாருங்கள். அக்கம் பக்கத்தாரைக் கூப்பிடக் காலிங் பெல் அழுத்தாதீர்கள், கதவைத் தட்டுங்கள். லிஃப்டில் போகாதீர்கள், படியில் இறங்குங்கள். கனமான வாயு லிஃப்ட் குழிக்குள் இறங்கித் தேங்கும். போனை வெளியே தள்ளி வந்த பிறகு எடுங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் அவசர எண் 1906. அன்று அச்சிறுபாக்கத்தில் எங்கள் 19 பேரில் ஒருவருக்கும் அந்த எண் தெரியாது. தீ பிடித்துவிட்டால் 101.

வண்டியிலும் இதேதான். கூடுதலாக இரண்டு: சாவி போடக் கூடாது, உள் லைட் போடக் கூடாது. சில வண்டிகளில் கதவைத் திறந்தாலே உள் லைட் தானாக எரியும். இதெல்லாம் யோசித்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அன்று நாங்கள் செய்தது பாதி சரி, மீதி அதிர்ஷ்டம்.

லேசான வாசனை, எங்கிருந்து என்று தெரியவில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? தீக்குச்சி காட்டிப் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். எல்லா நெருப்பும் அணைந்து, காற்றோட்டம் நன்றாக இருக்கும்போது, சோப்பு நுரைத் தண்ணீரைப் பஞ்சால் தடவுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகும் சிலிண்டர் வாயில் முட்டை விட்டால் வால்வில் கோளாறு. ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் முட்டை வந்தால், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தோ காணாமலோ போயிருக்கிறது. ட்யூபில் வந்தால் ட்யூபை மாற்ற வேண்டும். அங்கெல்லாம் ஒன்றுமில்லை, அடுப்புக் குமிழ்ப் பக்கம் வருகிறது என்றால் அடுப்பை சர்வீஸ் செய்ய வேண்டும். கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்தது. டேப் சுற்றுவது, சோப்பு அடைப்பது, வளையத்தைக் குண்டூசியால் நோண்டுவது எதுவும் வேண்டாம். மூடி போட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள்.

அந்த வெள்ளை மூடியைப் பலர் வீசி விடுகிறோம். அது நூலில் தொங்கிக்கொண்டு இருக்க வேண்டிய பொருள். வால்வு கசிந்தால் அதை மாட்டினால் கசிவு நிற்கும். சிலிண்டர் காலியாகித் திரும்பிப் போகும்வரை அதை வைத்திருங்கள்.

சிலிண்டர் வாங்கும்போது மூன்று விஷயம். டெலிவரி செய்யும் தம்பியை எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், மூடியைத் திறந்து கசிவு பார்க்கச் சொல்லுங்கள். அது அவர் செய்ய வேண்டிய வேலை, கேட்பதில் கூச்சம் வேண்டாம். மூன்றாவது, கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். அந்தத் தேதி தாண்டிய சிலிண்டர் மறு பரிசோதனைக்குப் போக வேண்டியது, வாங்காதீர்கள்.

ட்யூப், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சுரக்ஷா ட்யூபாக இருக்கட்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதி அடுப்பு மேடைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில். படுக்கப் போகும் முன்பும் ஊருக்குக் கிளம்பும் முன்பும் ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்புக் குமிழை மூடியது போதாது. என் கதையே அதற்குச் சாட்சி.

கடைசியாகப் பணக் கணக்கு. எண்ணெய் நிறுவனங்கள் எல்.பி.ஜி. விபத்துக்குக் காப்பீடு எடுத்திருக்கின்றன. நாம் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. விபத்தில் உயிரிழப்பு என்றால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவு ஒருவருக்கு 2 லட்சம் வரை, சொத்துச் சேதம் 2 லட்சம் வரை. ஆனால் அந்தச் சொத்துச் சேதம், இணைப்புப் பதிவான முகவரியில் நடந்தால்தான். என் பெயரில் இந்த ஃபிளாட் முகவரியில் பதிவான வீட்டுச் சிலிண்டர், அச்சிறுபாக்கத்தில் ஒரு வேனில் வெடித்திருந்தால்? வீட்டு உபயோகச் சிலிண்டரை வேறு காரியத்துக்குக் கொடுப்பதே 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஆணைப்படி தவறு. முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் எண்ணிக் கொடுத்தவன் நான். அன்று 19 பேரை வைத்து 4,000 ரூபாய் மிச்சம் பிடித்தேன். அந்தக் கணக்கை நான் எழுதவே கூடாது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று, சங்கத்தின் சுற்றுலாவில் இனி சிலிண்டர், ஸ்டவ் எதுவும் ஏறக் கூடாது என்று இன்றே தீர்மானம் போட வேண்டும். புளியோதரை, தயிர் சாதம், இட்லி முதல் வேளைக்குக் கட்டிக்கொள்வோம். மற்ற வேளைக்கு மெஸ். காபிக்குப் பெரிய ஃபிளாஸ்க் இரண்டு நானே வாங்கித் தருகிறேன். தலைக்கு 210 ரூபாய் கூடும், கூடட்டும். இரண்டு, ஏஜென்சி மெக்கானிக் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, விருப்பமுள்ள வீடுகளில் ட்யூபையும் வளையத்தையும் பார்க்க ஏற்பாடு செய்வோம். பெரியவர்கள் வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அந்தக் குழந்தை இன்று இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பேர் சொன்னால் வெட்கப்படுவாள். "வாசனை வருது" என்று அவள் சொன்னபோது பெரியவர்கள் நாம் "சாக்கடை" என்றோம். அவள் இன்னொரு முறை சொன்னதால்தான் நான் இங்கே நின்று பேசுகிறேன். அடுத்த முறை யாராவது வாசனை வருகிறது என்று சொன்னால், எழுந்து பார்ப்போம்.



(கூட்டத்தில் முதல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மெக்கானிக் வரும் தேதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கீழே உள்ளதை வெட்டிச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம்.)

கேஸ் வாசனை வந்தால்
1. நெருப்பை அணை. ரெகுலேட்டரை மூடு.
2. ஜன்னல், கதவைத் திற.
3. சுவிட்ச், காலிங் பெல், லிஃப்ட் தொடாதே.
4. எல்லாரும் படி வழியாக வெளியே.
5. வெளியே வந்தபின் 1906. தீ என்றால் 101.